பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை எதற்காக அளக்கிறார்கள்? அதற்குப் பின்னால் இருக்கும் ஆலன் பிளம்லைன் யார்?

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களைத் தேடிப்பிடித்து வாங்கும் ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வால்வு போட்ட 1960-கள் மாடல், அலுமினிய முகப்போடு வந்த 1970-கள் மாடல் என்று ஆளுக்கொரு ஆசை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எழும் முதல் கேள்வி ஒன்றுதான். இத்தனை வருஷம் கழிச்சும் இது ஒழுங்கா வேலை செய்யுதா?

காதால் கேட்டுவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் காது எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். இடது பக்கம் கொஞ்சம் மங்கியிருந்தால்கூட இரண்டு நாளில் அதுவே சரி என்று தோன்றும். அதனால்தான் மீட்டர், ஆஸிலோஸ்கோப் எல்லாம் வைத்து அளக்கிறார்கள்.

அப்படி அளக்கும் விஷயங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரே மனிதரின் வேலை கிடக்கிறது. அவர் பெயர் ஆலன் டவர் பிளம்லைன். பிரிட்டன்காரர். 128 காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. இறக்கும்போது அவருக்கு வயது வெறும் 38.

ஒலி உலகத்துக்கு வெளியே அவர் பெயர் அதிகம் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால், அளப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஆம்ப்ளிஃபையரில் எதையெல்லாம் அளக்கிறார்கள்?

முதலாவது, பவர். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் கொண்ட பெரிய ரெசிஸ்டரை மாட்டுவார்கள். உள்ளே 1,000 ஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றைக் கொடுத்து, வால்யூமை மெல்ல ஏற்றுவார்கள். ஆஸிலோஸ்கோப் திரையில் வளைந்து வளைந்து போகும் அலை, ஒரு கட்டத்தில் மேலும் கீழும் வெட்டுப்பட ஆரம்பிக்கும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்தி வோல்டேஜைப் பார்ப்பார்கள். 10 வோல்ட் காட்டினால், அதை அதே எண்ணால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். 12.5 வாட் என்று வரும். அந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு சேனலில் உண்மையாகவே தரும் பவர் அதுதான்.

இரண்டாவது, டிஸ்டார்ஷன், அதாவது சிதைவு. உள்ளே போனது 1,000 ஹெர்ட்ஸ் மட்டும். வெளியே வரும்போது 2,000, 3,000 ஹெர்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், அது ஆம்ப்ளிஃபையர் தானாகச் சேர்த்த கலப்படம். அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள்.

மூன்றாவது, அதிர்வெண் வீச்சு. அடித்தொண்டை போன்ற 20 ஹெர்ட்ஸ் முதல் காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெருக்குகிறதா என்று பார்ப்பது.

நான்காவதுதான் ஸ்டீரியோவுக்கே உரிய சோதனை. இடது சேனலில் மட்டும் சிக்னல் கொடுத்துவிட்டு, வலது சேனலில் எவ்வளவு கசிந்து வருகிறது என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் கிராஸ்டாக். இடதில் 1 வோல்ட் இருக்கும்போது வலதில் 0.01 வோல்ட் வந்தால் 40 டெசிபல் பிரிவு இருக்கிறது என்று அர்த்தம். 0.1 வோல்ட் வந்தால் 20 டெசிபல்தான். கசிவு கூடக் கூட, இடது எது, வலது எது என்ற வித்தியாசமே மங்கிப்போகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். வால்வு ஆம்ப்ளிஃபையருக்குள் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் இருப்பது சகஜம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தேங்கி நிற்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறந்து கை வைக்கவே கூடாது. ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ மாட்டாமல் அதை ஓட்டுவதும் தப்பு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடலாம்.

சரி, இப்போ ஆளுக்கு வருவோம்.

காலிங் பெல்லை ரிப்பேர் செய்து பில் கொடுத்த சிறுவன்

பிளம்லைன் பிறந்தது 1903 ஜூன் 29, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில். அப்பா செம்மி பிளம்லைன், ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகனான சுரங்கப் பொறியாளர். அம்மா ஜெஸ்ஸி டவர், தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனரி ஒருவரின் மகள்.

7 வயதில் வீட்டு காலிங் பெல்லை ரிப்பேர் செய்துவிட்டு, மின் பொறியாளர் என்று தன் பெயருக்குக் கீழே எழுதி அப்பாவுக்கு பில் போட்டுக் கொடுத்தாராம். அதே பையனுக்கு 12 வயது வரை சரளமாக வாசிக்க வரவில்லை என்பதும் குடும்பத்தினர் சொன்ன செய்தி. கணக்கு மட்டும் அந்த வயதிலேயே தண்ணி பட்ட பாடு.

ஹைகேட் பள்ளி, பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அங்கமான சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரி. 1923-ல் முதல் வகுப்பில் பட்டம். படிப்பு முடிந்த கையோடு பேராசிரியர் மாலட் என்பவருடன் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது எதைப் பற்றி? உயர் அதிர்வெண்ணில் மின்தடையை எப்படி அளப்பது என்பதைப் பற்றி. ஆக, தொடக்கமே அளவீட்டில்தான்.

முதல் வேலை: கசிவைத் தடுப்பது

1924-ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அது பின்னாளில் ஸ்டாண்டர்ட் டெலிஃபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் என்று பெயர் மாறியது. அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, நீண்ட தூர டெலிஃபோன் கேபிள்கள்.

அந்தக் காலத்து டெலிஃபோனில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. பக்கத்து பக்கத்து ஒயர்களில் போகும் பேச்சு ஒன்றுக்கொன்று கசியும். நீங்கள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னணியில் முன்பின் தெரியாத யாரோ பேசுவது கேட்கும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் இன்று நாம் அளக்கிறோமே கிராஸ்டாக், அந்த வார்த்தையே டெலிஃபோன் உலகத்திலிருந்து வந்ததுதான்.

ஒயர்களுக்கு இடையில் உள்ள மிகச் சிறிய மின்தேக்க வேறுபாடுகள்தான் கசிவுக்கு முக்கியக் காரணம். அவற்றைக் குறைக்க வேண்டுமானால் முதலில் துல்லியமாக அளக்க வேண்டும். அளப்பதற்குப் போதுமான கருவி இல்லை. பிளம்லைன் அதையும் தானே உருவாக்கினார். இறுக்கமாகப் பிணைந்த காயில்களைக் கொண்ட ஒரு பிரிட்ஜ் சுற்று அது. சுற்றியுள்ள தேவையில்லாத மின்தேக்கத்தைப் பொருட்படுத்தாமல், வேண்டியதை மட்டும் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் பிரிட்ஜ் என்ற அந்தக் கொள்கை, அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆய்வகக் கருவிகளில் பயன்பட்டது.

ராயல்டி கட்டாமல் இருக்க ஒரு கருவி

1929-ல் அந்த வேலையை விட்டு கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய மேலதிகாரி ஐசக் ஷோன்பெர்க். கம்பெனியின் கவலை காசு சம்பந்தப்பட்டது. மின்சார முறையில் இசைத்தட்டு வெட்டும் தொழில்நுட்பம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குச் சொந்தம். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ராயல்டி கட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காப்புரிமைகளைத் தொடாமல் புதிதாக ஒரு வெட்டும் கருவி வேண்டும் என்றார்கள். பிளம்லைனின் குழு நகரும் காயில் முறையில் ஒன்றைச் செய்து முடித்தது. பழையதைவிட ஒலி இன்னும் சுத்தமாகப் பதிவானது. ராயல்டியும் மிச்சம்.

1931-ல் கொலம்பியாவும் ஹெச்.எம்.வி. பெயரில் இசைத்தட்டு விற்ற கிராமஃபோன் கம்பெனியும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆனது. அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் அபே ரோடு ஸ்டுடியோ திறக்கப்பட்டது.

சினிமா தியேட்டரில் பிறந்த ஸ்டீரியோ

பேசும் படம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பின்னாளில் மனைவியான டோரீனோடு 1931 வாக்கில் ஒரு படம் பார்க்கப் போனார் பிளம்லைன். திரையில் நடிகர் இடது ஓரத்தில் இருக்கிறார், ஆனால் குரல் வேறு எங்கிருந்தோ வருகிறது. நடிகர் நடந்தால் குரலும் கூடவே நடக்கும்படி செய்ய தனக்கு ஒரு வழி தெரியும் என்று டோரீனிடம் சொன்னதாக அந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள்.

வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1931 டிசம்பர் 14-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933 ஜூனில் அது ஏற்கப்பட்டது. எண் 394,325. அதில் மொத்தம் 70 உரிமைக்கோரல்கள். மைக் வைப்பது, ஒலியைக் கடத்துவது, இசைத்தட்டில் வெட்டுவது, திரும்ப ஒலிக்கச் செய்வது என ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆவணத்தில் சொல்லியிருந்தார். ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. இருகாது ஒலி என்ற பொருள் தரும் பைனாரல் என்பதுதான் அவர் வைத்த பெயர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வழியாக ஒலியை அனுப்பும் யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. 1881-லேயே பாரிஸில் கிளெமான் அடேர் இரண்டு டெலிஃபோன் ரிசீவர்கள் வழியாக ஓபராவைக் கேட்கச் செய்து காட்டினார். 1930-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகமும் தனியாக முயற்சி செய்துகொண்டிருந்தது. 1933 ஏப்ரலில் பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் இசையை மூன்று சேனல்களில் வாஷிங்டனுக்கு அனுப்பிக் காட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய முழுமையான ஒரு முறையாக அதை யோசித்ததுதான் பிளம்லைனின் தனித்தன்மை.

ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலி எப்படி?

இசைத்தட்டில் ஓடும் பள்ளத்தை வி எழுத்து வடிவத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கு இரண்டு சுவர்கள். ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வு. ஒரு சுவரில் இடது ஒலி, இன்னொரு சுவரில் வலது ஒலி. ஊசி ஒன்றுதான். ஆனால் அது இரண்டு சுவர்களின் அசைவையும் ஒரே நேரத்தில் படிக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் ஊசி பக்கவாட்டில் ஆடும். வித்தியாசம் இருந்தால் மேலும் கீழும் ஆடும். இதனால் ஒரு நன்மை உண்டு. பழைய மோனோ இசைத்தட்டைப் புது ஸ்டீரியோ பிளேயரில் போட்டாலும் இரண்டு பக்கமும் சரியாகவே கேட்கும்.

1934 ஜனவரியில் அபே ரோடில் ஒரு சோதனைப் பதிவு நடந்தது. சர் தாமஸ் பீச்சம் தலைமையில் லண்டன் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா, மொஸார்ட்டின் ஜூபிடர் சிம்ஃபனியை ஒத்திகை பார்த்ததை ஸ்டீரியோவில் வெட்டினார்கள். 1935-ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போவதை ஸ்டீரியோ ஒலியோடு படமும் எடுத்தார்கள். ரயில் நகர, சத்தமும் கூடவே நகர்ந்தது.

அப்புறம் ஏன் ஸ்டீரியோ உடனே கடைக்கு வரவில்லை?

உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். விற்பனை படுத்திருந்த நேரத்தில் புதுவகை பிளேயரை மக்கள் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை கம்பெனிக்கு இல்லை. இன்னொரு பக்கம் தொலைக்காட்சி என்ற பெரிய போட்டி தொடங்கியிருந்தது. ஈ.எம்.ஐ. தன் சிறந்த பொறியாளர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

1936 நவம்பர் 2-ல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் இருந்து பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியது. ஜான் லோகி பேர்டின் 240 வரி முறை, மார்கோனி-ஈ.எம்.ஐ.யின் 405 வரி முறை இரண்டும் மாறி மாறி ஒளிபரப்பாகின. 1937 தொடக்கத்திலேயே பேர்டின் முறை கைவிடப்பட்டது. ஈ.எம்.ஐ. முறையின் முக்கியமான சுற்றுகள் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர் பிளம்லைன். அந்த 405 வரி ஒளிபரப்பு பிரிட்டனில் 1985 வரை நீடித்தது.

பழைய ஆம்ப்ளிஃபையருக்குள் அவர் விட்டுப்போனது

தொலைக்காட்சிக்காகச் செய்த வேலைதான் பிற்காலத்தில் ஆம்ப்ளிஃபையருக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, 1936-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த லாங் டெய்ல்டு பேர் சுற்று. படத்தை நீண்ட கேபிள் வழியாக அனுப்பும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். இரண்டு வால்வுகளை ஒரே ரெசிஸ்டரில் பிணைத்தார் பிளம்லைன். இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் அடங்கிப்போகும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான சிக்னல் மட்டும் பெருகும். 1970-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் பலவற்றின் நுழைவாயிலில் இருப்பது இதே யோசனைதான். உங்கள் போனுக்குள் இருக்கும் சில்லுகளிலும் இதன் வாரிசுகள் உண்டு.

இரண்டு, 1937-ல் விண்ணப்பித்த இன்னொரு சுற்று. வால்வில் டிரையோடு, பென்டோடு என்று இரு வகை. டிரையோடில் சிதைவு குறைவு, பவரும் குறைவு. பென்டோடில் பவர் அதிகம், சிதைவும் அதிகம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் ஓரிடத்தில் இருந்து ஒரு இணைப்பை எடுத்து வால்வின் ஸ்கிரீன் கிரிடுக்குக் கொடுத்தால், இரண்டின் நல்ல குணமும் பெருமளவு கிடைக்கும் என்று காட்டினார்.

1951-ல் அமெரிக்காவின் டேவிட் ஹாஃப்லர், ஹெர்பர்ட் கெரோஸ் இருவரும் இந்த ஏற்பாட்டை அல்ட்ரா லீனியர் என்ற பெயரில் பிரபலமாக்கினார்கள். ஹாஃப்லரின் டைனக்கோ நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த ஸ்டீரியோ 70 இந்த வகைதான். சேனலுக்கு 35 வாட். இன்றும் ரசிகர்கள் தேடும் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் அது ஒன்று. சிதைவைக் குறைக்க உதவும் நெகட்டிவ் ஃபீட்பேக் மட்டும் பிளம்லைனுடையது அல்ல, அது 1927-ல் அமெரிக்காவின் ஹரால்டு பிளாக் கண்டுபிடித்தது.

1942 ஜூன் 7: நடந்தது என்ன?

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பிளம்லைனின் வேலை ராடார் பக்கம் திரும்பியது. இரவிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தை விமானத்துக்குள் திரையில் காட்டும் ஹெச்2எஸ் என்ற கருவியை அவசர அவசரமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஃபோர்டு விமானத்தளத்தில் இருந்து ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்பியது. உள்ளே 11 பேர். பிளம்லைனோடு ஈ.எம்.ஐ. சகாக்கள் செசில் பிரவுன், ஃபிராங்க் பிளைத்தென் ஆகியோரும் இருந்தார்கள். வலது ஓர எஞ்சினில் தீப்பிடித்தது. தீயை அணைக்க முடியவில்லை. இறக்கை எரிந்து, வை நதிக்கரையில் வெல்ஷ் பிக்னர் கிராமத்தின் அருகே விமானம் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

விபத்துக்கான காரணம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விரிவாக வெளியே வந்தது. எஞ்சின் வால்வை இயக்கும் பகுதியில் ஒரு சின்ன நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. அது தளர்ந்ததில் வால்வு உடைந்து, அங்கிருந்து தீ கிளம்பியிருக்கிறது. மின்தேக்கத்தின் நுணுக்கமான வித்தியாசத்தைக்கூட அளந்து பார்த்த ஒரு மனிதரோடு மேலும் பத்து பேரின் உயிர், யாரும் சரிபார்க்காத ஒரு நட்டினால் போனது.

வீட்டில் டோரீனும் இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள்.

பெயர் ஏன் மறைந்துபோனது?

ஹெச்2எஸ் பரம ரகசியம். அதன் முக்கிய ஆட்கள் இறந்தது எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் மரணச் செய்தியும் அமுக்கப்பட்டது. சகாக்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 1943 ஜனவரி இறுதியில் ஹெச்2எஸ் முதல்முறையாகப் போரில் பயன்பட்டது. போர் முடிந்து உலகம் மூச்சுவிட்டபோது, இறந்து சில வருடங்களான ஒரு பொறியாளரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1957-58-ல்தான் கடைக்கு வந்தன. அவற்றில் இருந்தது அவர் எழுதிவைத்த அதே 45 டிகிரி பள்ளம். ஆனால் அதற்குள் அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்துபோயிருந்தது. அவரைப் பற்றிய முழுமையான வாழ்க்கை வரலாற்று நூல் வெளியாக 1999 ஆனது. அதாவது இறந்து 57 வருடம் கழித்து.

கொஞ்சம் கொஞ்சமாக அங்கீகாரம் வந்தது. லண்டன் ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் 1977-ல் நினைவுப் பலகை வைத்தார்கள். 1992-ல் விபத்து நடந்த இடத்துக்கு அருகே உள்ள குட்ரிச் கோட்டையின் சிற்றாலயத்தில் நினைவு ஜன்னல் அமைத்தார்கள். 2015-ல் அபே ரோடில் ஐ.இ.இ.இ. அமைப்பின் மைல்கல் பலகை. 2017-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது. வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை.

பழைய ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் என்ன கவனிக்கலாம்?

மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் இருந்து வர வேண்டும். வால்யூமைக் குறைக்கும்போது குரல் ஒரு பக்கம் நகர்ந்தால், வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, பாட்டே இல்லாமல் உம்ம்ம் என்ற சத்தம் மட்டும் கேட்டால், பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வறண்டுபோயிருக்கலாம். இரண்டுக்குமே நல்ல மெக்கானிக்கிடம் மாற்று உண்டு. ரிப்பேருக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, போனில் இருக்கும் இடது-வலது சோதனை ஆடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இடதுக்கான சத்தம் இடதில் மட்டும், வலதுக்கானது வலதில் மட்டும் வந்தால் சேனல்கள் சரியாகப் பிரிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். 1931-ல் பிளம்லைன் தன் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்தது, அடிப்படையில் அந்த வேலைக்கான வழியைத்தான்.